பனிக்கு முன் பூக்கும் ஆஸ்டர்: முதல் முறை வளர்ப்பவர்களுக்கு

செப்டம்பர் வந்தால் குளிர்ப்பிரதேசத் தோட்டங்கள் கடையைக் கட்ட ஆரம்பித்துவிடும். அந்த நேரம் பார்த்து ஊதாவும் இளஞ்சிவப்புமாகப் பூத்துக் குலுங்குவது நியூ இங்கிலாந்து ஆஸ்டர். வட அமெரிக்காவின் கிழக்கு, நடுப் பகுதிகளில் தானாக வளரும் செடி. மைனஸ் 30 டிகிரி செல்சியஸ் குளிரையும் தாங்கும். தண்டு காய்ந்துபோனாலும் வேர் மண்ணுக்குள் தூங்கிக் கிடந்து, வசந்தத்தில் மறுபடி துளிர்க்கும். நம் செவ்வந்திக்குச் சொந்தம்தான்.

கீழே வரும் மாதங்களெல்லாம் வட அரைக்கோளக் கணக்கு.

எப்போது நடுவது?

நர்சரியில் இது கண்ணைப் பறிப்பது பூத்திருக்கும்போதுதான். ஆசைப்பட்டு அக்டோபரில் வாங்கி நட்டேன். வேர் பிடிக்க நாள் போதவில்லை. மண் உறைவதும் இளகுவதுமாக இருந்ததில் செடி மேலே தள்ளப்பட்டு, மார்ச்சில் பார்த்தபோது வேர்க்கட்டி வெளியே கிடந்தது. ஆகவே வசந்தத்தில் நடுங்கள். மண் கையில் பிடித்தால் உதிர வேண்டும், அதுதான் பதம்.

இடமும் குழியும்

தினமும் 6 மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். நிழலில் வைத்தால் நெட்டையாக வளர்ந்து சாயும். தொட்டியில் இருந்த அதே ஆழம், தொட்டியைப்போல் இரண்டு மடங்கு அகலம் என்று குழி எடுங்கள். மட்கிய தொழு உரம் இரண்டு கை போதும். தழைச்சத்து கூடினால் இலை கொழுக்கும், பூ குறையும். செடிக்குச் செடி 60 முதல் 90 செ.மீ. விடுங்கள். சாதாரண ரகங்கள் ஆள் உயரத்துக்குக்கூடப் போகும். முட்டுக் கொடுக்கிற வேலையே வேண்டாம் என்றால் 'பர்ப்பிள் டோம்' வாங்கலாம், அரை மீட்டர் அளவில் நின்றுவிடும்.

நுனி கிள்ளுவது

முதல்முறை வளர்ப்பவர்கள் பெரும்பாலும் கோட்டை விடுவது இங்கேதான். நன்றாக வளரும் செடியைக் கிள்ள யாருக்கு மனசு வரும்? எனக்கும் வரவில்லை. செப்டம்பரில் பெய்த ஒரே மழையில் மொத்தச் செடியும் படுத்துவிட்டது.

மே கடைசியில் செடி முழங்கால் அளவு வந்ததும் ஒவ்வொரு தண்டிலும் நுனியை விரல் நீளத்துக்குக் கிள்ளிவிடுங்கள். ஒரு தண்டு இருந்த இடத்தில் இரண்டு மூன்று கிளை வெடிக்கும். உயரம் குறையும், மொட்டு கூடும். மூன்று வாரம் கழித்து இன்னொரு முறை. ஜூலை முதல் வாரத்தோடு கையைக் கட்டிக்கொள்ளுங்கள். பகல் குறையக் குறையத்தான் இந்தச் செடி மொட்டு வைக்கும். அப்புறமும் கிள்ளினால் பூக்கும் நாள் தள்ளிப்போய், மொட்டு விரிவதற்குள் உறைபனி வந்துவிடும். குளிர் சீக்கிரம் வரும் இடம் என்றால் ஒரே முறை கிள்ளுவதோடு விட்டுவிடலாம்.

ஒரு யோசனை: முன்வரிசைத் தண்டுகளை மட்டும் கிள்ளிப் பாருங்கள். பின்வரிசை முதலில் பூக்கும், முன்வரிசை பிறகு பூக்கும், பூக்காலம் சில நாள் நீளும்.

தண்ணீர்

வேரடியில் ஊற்றுங்கள், இலை நனையக் கூடாது. அப்படியும் கோடைக் கடைசியில் இலைமேல் வெள்ளைப்பொடி பூசியதுபோல் சாம்பல் நோய் வரக்கூடும். காற்றோட்டம் இருந்தால் குறையும். அடித்தண்டில் இலைகள் கருகி உதிர்வதும் இதன் வழக்கம்தான். முன்னால் குட்டைச் செடி ஒன்றை வைத்து மறைத்துவிடுங்கள், மருந்தெல்லாம் தேட வேண்டாம்.

பூத்தபின்

வெயில் ஏறியதும் விரிந்து, இரவில் மூடிக்கொள்ளும் பூக்கள். வட அமெரிக்காவில் மெக்சிகோவை நோக்கிப் பறக்கும் மொனார்க் வண்ணத்துப்பூச்சிகளுக்கு வழிச்சாப்பாடு இதன் தேன்.

பூ முடிந்ததும் கத்தரியோடு ஓடாதீர்கள். காய்ந்த தண்டு பனியைப் பிடித்துவைக்கும், அந்தப் பனியே வேருக்குப் போர்வை. விதை விழுந்து முளைப்பவை தாய்ச்செடியின் நிறத்திலேயே இருக்கும் என்று சொல்ல முடியாது. அது வேண்டாம் என்றால் பூத்தலைகளை மட்டும் நறுக்குங்கள். மண் உறைந்தபிறகு காய்ந்த இலைச்சருகால் மூடாக்குப் போடுங்கள். உறையும் முன்பே போட்டால் எலி குடியேறும். வசந்தத்தில் மூடாக்கை விலக்கி, பழைய தண்டை அடியோடு வெட்டிவிடலாம்.

மூன்றாம் வருடம்

தூரின் நடுப்பகுதி வழுக்கை விழுந்ததுபோல் ஆகும். வசந்தத்தில் துளிர் தலைகாட்டும்போது தூரைத் தோண்டி எடுத்து மண்வெட்டியால் பிளந்துவிடுங்கள், கொஞ்சம் முரட்டுத்தனமாகச் செய்தாலும் தாங்கும். ஓரத்துத் துண்டுகளை நட்டுவிட்டு, காய்ந்த நடுப்பகுதியை உரக்குழியில் போடுங்கள். ஒரு தூரிலிருந்து நாலைந்து செடி தாராளமாகக் கிடைக்கும். பெரும்பாலும் அதே வருடமே பூக்கவும் செய்யும்.