கொம்பு டைனோசர்கள் எங்கே வாழ்ந்தன? வரைபடத்தில் நேரும் தவறுகள்

கொம்பு டைனோசர்களின் பரவலை வரைபடத்தில் குறிப்பவர்கள் இடத்தைவிடக் காலத்தில்தான் அதிகம் தவறுகிறார்கள். கனடாவின் ஆல்பர்ட்டாவில் சென்ட்ரோசாரஸ், ஸ்டைராகோசாரஸ் என்ற இரண்டு கொம்பு டைனோசர்களுக்கும் பக்கத்தில் பக்கத்தில் புள்ளி வைத்துவிட்டு, ஒரே ஆற்றங்கரையில் சேர்ந்து மேய்ந்ததாக எழுதிவிடுகிறார்கள். அங்குள்ள டைனோசர் பார்க் பாறைத்தொகுதியில் சென்ட்ரோசாரஸ் இருப்பது கீழடுக்கில். ஸ்டைராகோசாரஸ் அதற்கு மேலே. ஒன்று மறைந்த பிறகே மற்றது வந்தது. அமெரிக்காவின் மொன்டானாவிலுள்ள ஹெல் கிரீக் பாறைத்தொகுதியிலும் இதே கதைதான்: டிரைசெராடாப்ஸ் ஹாரிடஸ் கீழே, மூக்குக்கொம்பு நீண்ட டிரைசெராடாப்ஸ் புரோர்சஸ் மேலே, நடு அடுக்கில் இரண்டின் சாயலும் கலந்தவை.

ஆகவே ஒவ்வொரு பெயருக்கும் எதிரே பாறைத்தொகுதி, அதில் எந்த அடுக்கு, வயது எவ்வளவு என்ற மூன்றையும் எழுதுங்கள். வயதைப் பழைய கட்டுரையிலிருந்து அப்படியே எடுக்காதீர்கள். எரிமலைச் சாம்பலின் வயதை, அதில் சேர்ந்த ஆர்கான் வாயுவை வைத்து அளக்கும்போது, அளவுகோலாக ஒப்பிடும் தாதுவின் வயது பின்னாளில் திருத்தப்பட்டது. 7.6 கோடி ஆண்டுப் பாறையில் இந்தத் திருத்தம் 10 லட்சம் ஆண்டு வரை வேறுபாடு தரும். ஓர் இனம் சில லட்சம் ஆண்டுகளே நீடித்த இடத்தில் இது மிகப் பெரிய பிழை. யூட்டாவின் காஸ்மோசெராடாப்ஸை ஆல்பர்ட்டாவின் காஸ்மோசாரஸோடு வைத்து "ஒரே காலத்தில் வடக்கே வேறு இனம், தெற்கே வேறு இனம்" என்று சொல்லுமுன், இரண்டின் வயதும் ஒரே அளவுகோலில் உள்ளதா என்று பாருங்கள்.

இன்றைய வட அமெரிக்க வரைபடமும் உதவாது. அக்காலத்தில் ஆர்க்டிக்கிலிருந்து மெக்சிகோ வளைகுடா வரை ஒரு கடல் கண்டத்தைப் பிளந்திருந்தது. மேற்குப் பகுதியான லாராமிடியாவில்தான் பெரிய கொம்பு டைனோசர்கள் குவிந்து கிடைக்கின்றன. கிழக்கில் மிசிசிப்பியில் கிடைத்த ஒரு கொம்பு டைனோசர் பல் பற்றிய ஆய்வு 2017இல் வெளியானது. கிழக்கே அக்காலப் படிவுகள் பெரும்பாலும் கடலடியில் சேர்ந்தவை என்பதால், "கிடைக்கவில்லை" என்பதை "இல்லை" என்று எழுதக் கூடாது.

ஆசியாவில் நேர்வது இதற்கு நேர்மாறான தவறு: இல்லாததை இருப்பதாகக் குறிப்பது. மங்கோலியாவின் புரோட்டோசெராடாப்ஸ் உறவுக்கார விலங்குதான், ஆனால் அதற்குக் கொம்பு கிடையாது. பெரிய கொம்பு டைனோசர் குடும்பமான செராடாப்சிட்களில் அங்கே உறுதியாகச் சேர்வது சீனாவின் ஷாண்டோங்கில் கிடைத்து 2010இல் பெயர் பெற்ற சைனோசெராடாப்ஸ். அர்ஜென்டினாவின் நோட்டோசெராடாப்ஸோ, பல்லில்லாத ஒரு தாடைத் துண்டு மட்டுமே. அதை நம்பித் தென் அமெரிக்காவில் புள்ளி வைக்காதீர்கள்.

தனிக் கொம்பை வைத்தும் பெயர் சூட்டாதீர்கள். 1887இல் டென்வர் அருகே கிடைத்த கொம்புகளைப் புதைபடிவ ஆய்வாளர் மார்ஷ் காட்டெருமையுடையவை என்றே பெயரிட்டார். இனத்தைச் சொல்லப் பின்கழுத்தின் மேல் விரியும் எலும்புத் தட்டின் விளிம்பு வேண்டும். அது இல்லாத புள்ளிக்கு நேரே "இனம் தெரியாத செராடாப்சிட்" என்றே எழுதுங்கள்.