பழைய ஜீப், சின்ன வயசு: இன்சூரன்ஸை மலிவாக முடிப்பது எப்படி

இருபத்திரண்டு வயதில் பழைய ஜீப் வாங்கப்போகிறேன் என்று வீட்டில் சொன்னால் முதல் கேள்வி மைலேஜ் பற்றி வரும், இரண்டாவது இன்சூரன்ஸ் பற்றி. மைலேஜ் விஷயத்தில் நான் உதவ முடியாது. இன்சூரன்ஸில் பலர் பயப்படுகிற அளவுக்கு ஒன்றுமில்லை, ஆனால் யோசிக்க வேண்டியதை வண்டிக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே யோசித்துவிட வேண்டும்.

இங்கிலாந்து மாதிரி நாடுகளில் ஓட்டுகிறவரின் வயதைப் பார்த்தே பிரீமியத்தை ஏற்றிவிடுவார்கள். நம் ஊரில் அப்படி இல்லை. தேர்ட் பார்ட்டி, அதாவது உங்கள் வண்டியால் பிறருக்கு வரும் இழப்புக்கான கட்டாய இன்சூரன்ஸின் பிரீமியத்தை அரசாங்கமே நிர்ணயிக்கிறது, அதற்கு இன்ஜின் சிசி ஒன்றுதான் கணக்கு. பதினெட்டு வயதுக்காரருக்கும் அறுபது வயதுக்காரருக்கும் ஒரே தொகை. எந்தக் கம்பெனியில் எடுத்தாலும் ஒரே தொகை என்பதால், "தேர்ட் பார்ட்டியை எங்கே கம்மியாகத் தருவார்கள்" என்று நாலு வெப்சைட் ஏறி இறங்குவது வீண் வேலை. உங்கள் வயது வேறு வழியில்தான் இடிக்கும்: உங்கள் பெயரில் இதற்கு முன் கார் இருந்திருக்காது, அதனால் நோ க்ளைம் போனஸும் (க்ளைம் வாங்காத வருடங்களுக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) இருக்காது.

ஆக, செலவை நிஜமாகக் குறைக்கும் முதல் முடிவு எந்த வண்டி என்பதுதான். 2022 ஜூன் 1 முதல் வந்த கட்டணப்படி ஆயிரம் சிசிக்குள் இருக்கும் சொந்த போர்டு வண்டிக்கு வருடத்துக்கு 2,094 ரூபாய், ஆயிரத்துக்கு மேல் ஆயிரத்து ஐநூறு வரை 3,416, அதற்கு மேல் போனால் 7,897. எல்லாவற்றுக்கும் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. இதை ஜீப்பில் பொருத்திப் பாருங்கள். 1985 கடைசியில் வந்த மாருதி ஜிப்ஸியின் பழைய மாடல் 970 சிசி, எனவே கீழ்த்தட்டு. 1996-க்குப் பிறகு வந்த ஜிப்ஸி கிங் 1298 சிசி, நடுத்தட்டு. மஹிந்திராவின் எம்எம் 540 இரண்டாயிரத்து நூற்றுச் சொச்சம் சிசி, மேஜர், கமாண்டர், பழைய தார் எல்லாம் இரண்டாயிரத்து ஐநூறு சிசி பக்கம், அத்தனையும் மேல்தட்டு. ஜிஎஸ்டியோடு சேர்த்தால் பழைய ஜிப்ஸிக்கு சுமார் 2,470 ரூபாய், மேஜருக்கு சுமார் 9,320. வருடா வருடம் ஏறக்குறைய ஏழாயிரம் வித்தியாசம். மேஜர்தான் வேண்டும் என்று மனது சொன்னால் வாங்குங்கள், நான் தடுக்கவில்லை, இந்த ஏழாயிரத்தைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

ஆர்சியைக் கையில் வாங்கிப் படிக்க வேண்டிய இடம்

பழைய ஜீப்களில் பாதிக்கு ஆர்சியில் ஒரு இன்ஜின், பானட்டுக்குள் வேறொரு இன்ஜின். பெட்ரோல் வில்லிஸை டீசலாக மாற்றியிருப்பார்கள், எம்எம் 540 பாடியில் வேறு இன்ஜின் உட்கார்ந்திருக்கும், விற்கிறவர் "அதெல்லாம் ஒண்ணும் பிரச்சனை இல்ல தம்பி" என்பார். பாலிசி எடுக்கும்போது பிரச்சனை இல்லைதான், பணம் கட்டினால் பேப்பர் வந்துவிடும். விபத்துக்குப் பிறகு சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் பானட்டைத் திறந்து, துணியால் இன்ஜின் பிளாக்கைத் துடைத்து நம்பரை டார்ச் அடித்துப் பார்ப்பார் பாருங்கள், அப்போது ஆரம்பிக்கும். எனவே அந்த வேலையை நீங்கள் முதலில் செய்யுங்கள். சேசிஸ் நம்பர், இன்ஜின் நம்பர், எரிபொருள், சீட் எண்ணிக்கை, இந்த நான்கும் ஆர்சியோடு பொருந்த வேண்டும். மாற்றிய இன்ஜின் ஆர்டிஓ ஆபீஸில் ஆர்சியில் ஏறியிருந்தால் பரவாயில்லை, ஏறாவிட்டால் அந்த வேலையை விற்பவர் தலையில் கட்டுங்கள்.

ராணுவ ஏலத்தில் வந்த ஜிப்ஸி என்று யாராவது காட்டினால் கூடுதல் கவனம். ஏலப் பேப்பர் இருக்கிறது என்பதும் சிவில் ரெஜிஸ்ட்ரேஷன் ஆகிவிட்டது என்பதும் ஒன்றல்ல. நம்பர் இல்லாத வண்டிக்கு மலிவான இன்சூரன்ஸ் தேடுவதில் அர்த்தமே இல்லை.

பதினைந்து வருடம் தாண்டிய வண்டிக்கு ஆர்சி புதுப்பித்திருக்க வேண்டும், அதை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டும். எம்பரிவாகன் ஆப்பில் வண்டி நம்பரைப் போட்டால் ஃபிட்னஸ் எதுவரை, இன்சூரன்ஸ் எதுவரை என்று இரண்டும் தெரிந்துவிடும். ஃபிட்னஸ் முடிந்த வண்டியை விலை குறைவு என்று வாங்கினால், மிச்சம் பிடித்தது ஆர்டிஓ ஃபீஸிலும் ஒர்க்‌ஷாப்பிலும் போய்விடும்.

ஃபுல் இன்சூரன்ஸ் தேவையா?

ஃபுல் என்றால் தேர்ட் பார்ட்டியோடு ஓன் டேமேஜும், அதாவது உங்கள் வண்டிக்கே வரும் சேதமும் சேர்ந்தது. பெரும்பாலான பழைய ஜீப்களுக்கு தேவையில்லை என்பதே என் கருத்து. கணக்கைப் பார்த்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

ஐந்து வருடம் தாண்டிய வண்டிக்கு ஐடிவி, அதாவது வண்டி முழுசாகப் போனால் கிடைக்கும் தொகை, கம்பெனியும் நீங்களும் பேசி முடிவு செய்வது. இரண்டரை லட்சம் என்று வைத்துக்கொள்வோம். பழைய தாரிஃப்படி (எல்லாக் கம்பெனிக்கும் பொதுவாக இருந்த கட்டணப் பட்டியல்) பத்து வருடம் தாண்டிய பெரிய சிசி வண்டிக்கு, சென்னைக்கு வெளியே, ஓன் டேமேஜ் பிரீமியம் ஐடிவியில் மூன்றரை சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல், அதாவது ஒன்பதாயிரத்தை ஒட்டி. ஜிஎஸ்டியோடு பத்தாயிரத்து அறுநூறு. கம்பெனிகள் இதில் தள்ளுபடி தரலாம், பழைய வண்டி என்றால் பெரும்பாலும் அதிகம் தராது.

சரி, இதற்கு என்ன திரும்பக் கிடைக்கும்? பாறையில் உரசி மட்கார்டும் கதவும் போய்விட்டது, பில் பதினெட்டாயிரம், அதில் தகட்டுப் பாகங்கள் பன்னிரண்டாயிரம், கூலி ஆறாயிரம். பத்து வருடத்துக்கு மேற்பட்ட வண்டி என்றால் தகட்டுப் பாகத்தில் பாதியைத் தேய்மானம் என்று கழித்துவிடுவார்கள். ரப்பர், பிளாஸ்டிக், டயர், பேட்டரிக்கும் பாதிதான். ஆக ஆறாயிரமும் கூலி ஆறாயிரமும், அதில் 1500 சிசிக்கு மேற்பட்ட வண்டிக்குக் கட்டாயப் பிடித்தம் இரண்டாயிரம் போக, கையில் வருவது பத்தாயிரம். கட்டியது பத்தாயிரத்து அறுநூறு. அடுத்த வருட போனஸும் போச்சு. இந்தத் தேய்மானத்தைத் தவிர்க்கும் ஜீரோ டெப் இவ்வளவு பழைய வண்டிக்குப் பொதுவாகக் கிடைக்காது.

திருட்டுப் பயம்தான் என்றால் நடுவில் ஒரு வழி உண்டு: தேர்ட் பார்ட்டியோடு தீ, திருட்டு மட்டும் சேர்த்த பாலிசி. பழைய தாரிஃப் புத்தகத்திலேயே இருப்பது, ஆனால் ஆன்லைன் பட்டியலில் பெரும்பாலும் காட்ட மாட்டார்கள். பொதுத்துறைக் கம்பெனிக் கிளைக்கு (நியூ இந்தியா, யுனைடெட் இந்தியா, நேஷனல், ஓரியண்டல்) நேரில் போய், "ஃபயர் அண்ட் தெஃப்ட் மட்டும் சேர்த்துத் தருவீர்களா" என்று கேளுங்கள். ஒரு கிளையில் இல்லை என்றால் இன்னொன்றில் கேளுங்கள்.

நல்ல நிலையில் இருக்கிற 2015 தார், ஐந்தாறு லட்சம் பெறும், வீட்டுக்கு வெளியே தெருவில் நிற்கிறது என்றால் கதை வேறு, ஃபுல்லாகவே எடுங்கள்.

பின் சீட்டில் உட்காரும் நண்பர்கள்

இதைத்தான் யாரும் சொல்வதில்லை. வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசி என்பது ரோட்டில் போகிறவருக்கும் எதிரே வருகிற வண்டிக்கும்தான். சொந்த போர்டு வண்டிக்குள் உட்கார்ந்திருக்கும் உங்கள் நண்பர்களுக்கு அது பொருந்தாது. வண்டி கவிழ்ந்து ஒருவருக்கு முதுகெலும்பு உடைந்தால் அந்த இழப்பீடு உங்கள் தலையிலும் உங்கள் அப்பா தலையிலும்தான் விழும். ஃபுல் பாலிசியில் உள்ளே இருப்பவர்களுக்கான பொறுப்பு சேர்ந்தே வரும். எனவே ஃபுல் வேண்டாம் என்று முடிவு செய்கிறவர், பயணிகளுக்கான பர்சனல் ஆக்சிடென்ட் கவரையாவது கேட்டுச் சேர்க்க வேண்டும். பழைய தாரிஃப்படி ஒரு ஆளுக்கு ஒரு லட்சத்துக்கு ஐம்பது ரூபாய் வீதம், இரண்டு லட்சம் வரை, ஆர்சியில் உள்ள சீட் கணக்குக்கு. இது முழுப் பாதுகாப்பு அல்ல, ஆனாலும் நாலு டீ காசுக்கு ஒரு ஆள் என்கிறபோது விடக்கூடாது. விலை குறைந்த பழைய ஜீப்புக்கு ஃபுல் எடுப்பதற்கு எனக்குத் தெரிந்து ஒரே வலுவான காரணம் இந்தப் பின் சீட்தான், அடிக்கடி ஆள் ஏற்றிக்கொண்டு மலைக்குப் போகிறவர் மேலே போட்ட கணக்கை மறந்துவிட்டு ஃபுல்லே எடுக்கலாம்.

ஓட்டுகிற உரிமையாளருக்கு 15 லட்சம் பர்சனல் ஆக்சிடென்ட் கவர் கட்டாயம். பைக் பாலிசியிலேயே அதை எடுத்திருந்தால் இரண்டாவது தடவை கட்டத் தேவையில்லை, ஏஜென்டிடம் சொல்லி நீக்கச் சொல்லுங்கள்.

அப்பா பெயரில் வாங்கலாமா?

தாராளமாக. இங்கே பாலிசி, செல்லுபடியாகும் லைசென்ஸ் உள்ள யார் ஓட்டினாலும் பொருந்தும், பையன் ஓட்டுகிறான் என்று ஒளிக்க வேண்டியதில்லை. அப்பா தன் பழைய காரை விற்றிருந்தால் அவருடைய நோ க்ளைம் போனஸ் (ஐந்து வருடம் க்ளைம் இல்லை என்றால் 50 சதவீதம்) மூன்று வருடம் வரை உயிரோடு இருக்கும், பழைய கம்பெனியில் லெட்டர் வாங்கி ஜீப்பின் ஓன் டேமேஜ் பிரீமியத்தில் கழித்துக்கொள்ளலாம். தேர்ட் பார்ட்டியில் இது செல்லாது என்பதால், ஃபுல் எடுக்கிறவருக்கு மட்டும்தான் இந்த வழி. ஒரு சிக்கல்: அந்த 15 லட்சம் அப்பா ஓட்டும்போது அப்பாவுக்குத்தான். ஓட்டப்போவது நீங்கள் என்றால் உங்கள் பெயரில் தனியாக ஒரு விபத்துப் பாலிசி எடுத்துவிடுங்கள்.

விற்பவருடைய போனஸ் உங்களுக்கு வராது. ஆன்லைனில் விவரம் நிரப்பும்போது "போன வருடம் க்ளைம் இல்லை, என்சிபி 50" (என்சிபி என்றால் நோ க்ளைம் போனஸ்) என்று தானாகவே டிக் ஆகி நிற்கும், பிரீமியமும் குறைந்து தெரியும், சந்தோஷமாக இருக்கும். அந்த டிக்கை எடுங்கள். இல்லாத போனஸை எழுதிய பாலிசியில் க்ளைம் போனால் முதலில் அதைத்தான் தோண்டுவார்கள்.

மலைக்குப் போகும்போது எது செல்லாது

மண் ரோட்டில் ஓட்டியதற்காக மட்டும் பாலிசி செத்துவிடாது. ஆனால் ரேஸ், வேகப் போட்டி, ரிலையபிலிட்டி டிரயல் (வண்டி தாங்குகிறதா என்று சோதிக்கும் ஓட்டம்) என்று வரும் நிகழ்ச்சிகளை பாலிசியிலேயே விலக்கியிருப்பார்கள். ஆஃப்ரோடு கிளப் நடத்தும் போட்டியில் கலந்துகொள்கிறவர் நிகழ்ச்சிக்கு முன்பே கம்பெனியில் எழுதிக் கேட்டுவிட வேண்டும். ஓடையில் இறக்கி இன்ஜினுக்குள் தண்ணீர் போனால் அதுவும் சாதாரண பாலிசியில் கிடைக்காது. அப்புறம் வாடகை. கொளுக்குமலைக்கு ஜீப்பில் ஆள் ஏற்றுவதைப் பார்த்துவிட்டு நாமும் வார இறுதியில் நாலு பேரை ஏற்றி டீசல் காசு பார்க்கலாம் என்று தோன்றும். வெள்ளை போர்டில் காசு வாங்கி ஆள் ஏற்றினால் பாலிசி வெறும் காகிதம்.

விஞ்ச் (மாட்டிக்கொண்ட வண்டியை இழுக்கும் கருவி), எக்ஸ்ட்ரா லைட் மாதிரி மின் சாதனங்களை பாலிசியில் தனியாக எழுதினால் அவற்றின் மதிப்பில் 4 சதவீதம் கூடும். புல் பாரை (வண்டிக்கு முன்னால் மாட்டும் இரும்புத் தடுப்பு) மத்திய அரசு 2017-லேயே தடை செய்துவிட்டது, அதை மாட்டிக்கொண்டு இன்ஸ்பெக்‌ஷனுக்குப் போகாதீர்கள்.

சில்லறைத் தள்ளுபடிகள்

திருட்டுத் தடுப்புக் கருவிக்கு அதிகபட்சம் 500, ஆட்டோமொபைல் அசோசியேஷன் மெம்பருக்கு அதிகபட்சம் 200, எல்லாம் ஓன் டேமேஜில்தான். இதற்காக மெனக்கெட வேண்டாம். வாலண்டரி டிடக்டபிள் (க்ளைமில் ஒரு தொகையை நீங்களே ஏற்றுக்கொண்டு பிரீமியத்தைக் குறைப்பது) பரவாயில்லை, சின்னச் சின்ன உரசலை நீங்களே தட்டி எடுத்துவிடுவீர்கள் என்றால் போடுங்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய மிச்சம், பாலிசியை லேப்ஸ் ஆக விடாமல் இருப்பது. முடிந்து 90 நாள் தாண்டினால் சேர்த்த போனஸ் போய்விடும், ஒரு நாள் தாண்டினாலும் ஃபுல் பாலிசிக்கு வண்டியை மறுபடி காட்ட வேண்டும். இன்சூரன்ஸ் இல்லாமல் போலீஸில் மாட்டினால் முதல் தடவை 2,000, அடுத்த தடவை 4,000, ஜெயிலுக்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது.

வண்டி கைமாறிய 14 நாளுக்குள் பழைய பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுத்துவிடுங்கள். தேர்ட் பார்ட்டி தானாகவே உங்களிடம் வந்துவிடும், ஓன் டேமேஜ் அப்படி வராது. புதிய பேப்பர் கைக்கு வந்ததும் பெயரைப் பார்த்துவிட்டு மடித்து வைக்காமல், சேசிஸ் நம்பரை எழுத்து எழுத்தாக ஆர்சியோடு ஒப்பிடுங்கள். ஒரு எட்டு மூன்றாக அடித்திருந்தால் அன்றைக்கே திருத்தச் சொல்லுங்கள்.