பயந்த சின்ன நாயை வீட்டிலேயே சீவி, குளிப்பாட்டி, நகம் வெட்டுவது எப்படி?

சீப்பை எடுத்ததும் பொமரேனியன் கட்டிலுக்கு அடியில் ஓடுகிறதென்றால், பெரும்பாலும் அதன் பயம் சீப்பின் மேல் இல்லை. போன தடவை இரண்டு பேர் அமுக்கிப் பிடித்ததை அது மறக்கவில்லை. சீவல், குளியல், நகம், காது எல்லாவற்றையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம் என்று இறங்குவதுதான் வழக்கமாக நடக்கும் தப்பு. ஒரு நாளைக்கு ஒரு வேலை, அதுவும் மூன்று நிமிடம் போதும். நாய் எழுந்து ஓடுவதற்கு முன்னால் நீங்களே நிறுத்திவிட வேண்டும்.

பயத்தை முகத்தில் படிக்கலாம். பசியில்லாமலே உதட்டை நக்கும், தூக்கமில்லாமல் கொட்டாவி விடும், கண்ணின் வெள்ளை தெரியப் பக்கவாட்டில் பார்க்கும். இன்னொன்று, அசையாமல் விறைத்து நிற்கும். அதைப் பார்த்து ‘சமத்தா நிக்குது’ என்று நாம் சந்தோஷப்படுவோம். உண்மையில் அது கடிப்பதற்கு ஒரு படி முன்னால் நிற்கிறது. உறுமினால் அதட்டாதீர்கள். உறுமக்கூடாது என்று கற்றுக்கொண்ட நாய் அடுத்த முறை சொல்லாமல் கடிக்கும்.

மேசை வேண்டாம், தரையே நல்லது. டைல்ஸில் கால் வழுக்கினாலே பாதிப் பயம் வந்துவிடும், ரப்பர் பாயோ ஈரத்துண்டோ விரியுங்கள். கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுக்காதீர்கள், சின்ன நாய்களுக்கு மூச்சுக்குழாய் மென்மையானது. எவர்சில்வர் தட்டில் கெட்டித் தயிரைத் தடவி முன்னால் வையுங்கள், நக்கி முடிக்கும்வரை வேலை ஓடும். உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் போடாமல் வேகவைத்த கோழியைப் பிய்த்துக் கொடுப்பதும் சரிதான்.

முதல் இரண்டு நாள் சீப்பைத் தரையில் வைத்தால் போதும், மோந்து பார்த்தால் ஒரு துண்டு கோழி. மூன்றாம் நாள் முதுகில் இரண்டே இழுப்பு. முகம், கால், வால் எல்லாம் கடைசியில். மேலாகச் சீவினால் பளபளவென்று இருக்கும், அடியில் சடை கட்டிக்கொண்டே போகும். முடியை வகிடு எடுத்துத் தோல் தெரியும்படி பிரித்து, வரி வரியாகச் சீவுங்கள். காதுக்குப் பின்னால், அக்குளில், பெல்ட் உரசும் இடத்தில்தான் சிக்கு விழும். சிக்குக்கும் தோலுக்கும் நடுவே முடியின் வேரை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டால் இழுப்பு வலிக்காது. ஒரு சிட்டிகை சோளமாவை (கார்ன்ஃப்ளோர்) தேய்த்து நுனியிலிருந்து பிரியுங்கள். பிரியாததை வெட்டும்போது கவனம்: சடையோடு சேர்ந்து தோலும் மேலே எழும்பி வரும், கத்தரி அதையும் நறுக்கிவிடும். இரும்புச் சீப்பைச் சடைக்கு அடியில் நுழைத்து, சீப்புக்கு மேலே மட்டும் வெட்டுங்கள். உண்ணி தென்பட்டால் சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள், மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள்.

கத்திரி வெயிலுக்குப் பொமரேனியனை மொட்டை அடிக்கும் பழக்கம் நம் ஊரில் இருக்கிறது. வேண்டாம். மேல்முடியும் தோலை ஒட்டிய அடிமுடியும் சேர்ந்துதான் வெயிலைத் தடுக்கின்றன, சில நாய்களுக்கு வழித்த முடி பழையபடி வளர்வதே இல்லை.

குளிப்பாட்டும் முன்பே சீவிவிடுங்கள், நனைந்தால் சிக்கு இறுகும். மாதம் ஒரு முறை போதும். கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போய்வந்த நாளில் காலையும் வயிற்றையும் அலசினால் மணல் போய்விடும். நம் ஷாம்புவும் டெட்டாலும் நாய்த் தோலுக்கு ஆகாது. நாய் ஷாம்பு இரண்டு தேக்கரண்டியை ஒரு மக் வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்துக்கொண்டு, பின்னங்காலில் தொடங்கி மக்கை உடம்போடு ஒட்டிச் சாய்த்து ஊற்றுங்கள். உயரத்திலிருந்து கொட்டும் சத்தமே அதை மிரட்டும். முகத்துக்கு ஈரத்துணி மட்டும். போர் தண்ணீர் உப்பென்றால் கடைசி அலசலுக்குக் கேன் தண்ணீர் எடுங்கள், இல்லையென்றால் படிவு தங்கி அரிக்கும்.

துண்டால் தேய்க்காமல் அழுத்தி ஒற்றுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் இங்கே எதுவுமே சீக்கிரம் காயாது. அடிமுடியில் ஈரம் நின்றால் ஓரிரு நாளில் சிவந்த புண் வரும். ட்ரையரைச் சில நாள் பக்கத்து அறையில் ஓடவிட்டு, இந்த அறையில் சாப்பாடு போட்டுப் பழக்குங்கள். பிறகு குறைந்த சூட்டில், ஒரு அடி தள்ளி.

நகத்தில் அவசரம் கூடவே கூடாது. ஒரு நாளைக்கு ஒரு நகம் வெட்டினாலும் வெற்றிதான். வெள்ளை நகத்தில் இளஞ்சிவப்பாக ரத்தநாளம் தெரியும், அதற்கு 2 மில்லிமீட்டர் முன்னாலேயே நிறுத்துங்கள். கறுப்பு நகத்தை மெல்லிய சீவலாக வெட்டி, வெட்டுமுகத்தைப் பாருங்கள். நடுவில் ஈரமான கரும்புள்ளி தோன்றினால் அதற்கு மேல் போகாதீர்கள். ரத்தம் வந்தால் சோளமாவில் நகத்தை அழுத்தி ஐந்து நிமிடம் விடாமல் பிடியுங்கள். மறந்துபோவது முன்னங்காலின் உள்பக்கம், பாதத்துக்கு மேலே இருக்கும் ஒட்டு நகம். தரையில் தேயாததால் வளைந்து சதைக்குள் இறங்கும்.

தோலோடு இறுகிய சடை, கடிக்க வரும் நாய், அரை மணி நேரத்திலும் நிற்காத ரத்தம், இவை வீட்டு வேலை இல்லை. புதுச்சேரி ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி, ஆராய்ச்சி நிறுவனத்துக்கோ உங்கள் டாக்டரிடமோ போங்கள். மனுஷ மாத்திரையைக் கொடுத்துத் தூங்கவைக்கப் பார்க்காதீர்கள். சடையை மயக்கம் கொடுத்துத்தான் எடுக்கவேண்டும் என்றால் வெறும் வயிறாக இருக்கச் சொல்வார்கள், எத்தனை மணி நேரம் என்று முந்தின நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.