மொபைலில் சேலை வாங்குறீங்களா? எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது

மதுரை விளக்குத்தூண் பக்கம் கடையேறிச் சுங்குடிச் சேலை எடுத்தால் காசைக் கொடுத்துவிட்டு வந்துவிடலாம். அதே சேலையை மொபைலில் வாங்கப் போனால் பெயர், நம்பர், முகவரி, பிறந்தநாள் என்று கேள்வி நீளும். இதற்குப் பயந்தே பாதியில் மூடி வைத்துவிடுகிற அக்காமார் பலர் எங்கள் தெருவில் இருக்கிறார்கள். பயம் வேண்டாம். சேலை வீடு வந்து சேர எது தேவையோ அதை மட்டும் கொடுங்கள்.

1. கடை யாருடையது?

2020-இல் வந்த மின்வணிக விதிகளின்படி, இணையக் கடை தன் பெயர், முகவரி, குறைதீர்க்கும் அதிகாரியின் விவரம் எல்லாவற்றையும் தளத்தில் போட்டிருக்க வேண்டும். பக்கத்தின் அடிவரை இறங்கிப் பாருங்கள். இன்ஸ்டாகிராமில் வீட்டிலிருந்தே நேர்மையாக விற்கும் பெண்கள் நிறையப் பேர். அவர்களை ஒதுக்கச் சொல்லவில்லை. "கடை எங்க இருக்குங்க?" என்று கேளுங்கள். ஜிஎஸ்டி எண் கொடுத்தால் அதை ஜிஎஸ்டி தளத்தில் போட்டுப் பார்க்கலாம், யார் பெயரில் இருக்கிறது என்று காட்டும். மதுரைக் கடை என்றால் இன்னும் வசதி: மாசி வீதிப் பக்கம் போகிற யாரையாவது எட்டிப் பார்க்கச் சொல்லலாம்.

2. படிவம்

பெயர், முகவரி, பின்கோடு, மொபைல் நம்பர் போதும். சேலைக்கு ஆதார் எதற்கு? நட்சத்திரக் குறி இல்லாத கட்டங்களைக் காலியாக விடுங்கள். சம்மதம் கேட்கும் கட்டத்தில் முன்னாடியே டிக் போட்டு வைப்பதை அதே மின்வணிக விதிகள் தடுக்கின்றன. அப்படிச் செய்திருக்கும் கடையை நான் நம்புவதில்லை.

3. ஆப் கேட்கும் அனுமதி

காண்டாக்ட்ஸ், மைக் இரண்டையும் மறுத்துவிடுங்கள். லொகேஷனும் வேண்டாம், முகவரியைக் கையால் அடித்தால் போதும். ஏற்கெனவே கொடுத்திருந்தால் செட்டிங்ஸில் அந்த ஆப்பின் பெர்மிஷன்ஸுக்குப் போய் எடுத்துவிடலாம்.

4. பணம்

புதுக் கடை என்றால் முதல் தடவை கேஷ் ஆன் டெலிவரி. கார்டு நம்பரைக் கடைகள் தங்களிடம் சேமித்து வைக்கக் கூடாது என்ற ரிசர்வ் வங்கி விதி 2022 அக்டோபர் முதல் நடப்பில் இருக்கிறது. அதற்குப் பதில் டோக்கன் என்ற மாற்று எண்தான் இருக்கும். அதனால் கார்டின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னால் அனுப்பவே அனுப்பாதீர்கள். ரீஃபண்ட் வாங்க யுபிஐ பின் போடச் சொன்னாலும் போடாதீர்கள். பின் போட்டால் பணம் நம் கணக்கிலிருந்து போகும், வராது.

5. வாசலில் ஓடிபி

பலர் குழம்புவது இங்கேதான். டெலிவரி தம்பி ஓடிபி கேட்பது பல நேரம் முறையானதுதான், பார்சல் உங்கள் கைக்கு வந்ததற்கு அதுவே அடையாளம். ஆனால் எண்ணை வாசிக்கும் முன் அந்த எஸ்எம்எஸ் முழுவதையும் படியுங்கள். கடை பெயரும் ஆர்டரும் இருந்தால், பார்சலைக் கையில் வாங்கிக்கொண்டு சொல்லுங்கள். வங்கியின் பெயரோ ரூபாய்த் தொகையோ இருந்தால் சொல்லாதீர்கள். ஆர்டரே போடாத பார்சலைச் சொல்லி, "கேன்சல் பண்ண ஓடிபி சொல்லுங்கம்மா" என்று யாராவது போனில் அவசரப்படுத்தினால் உடனே வைத்துவிடுங்கள். படிக்கத் தெரியாத பெரியவர்கள் வீட்டில் இருந்தால், பிள்ளைகள் வரும்வரை ஓடிபி சொல்ல வேண்டாம் என்று இன்றைக்கே சொல்லி வையுங்கள்.

6. அட்டைப்பெட்டி

பெட்டியைப் பழைய பேப்பர்காரரிடம் அப்படியே போடாதீர்கள். அதில் ஒட்டிய லேபிளில் உங்கள் பெயர், வீட்டு முகவரி, சில நேரம் மொபைல் நம்பரும் இருக்கும். ஆர்டர் போடாத பார்சலை அனுப்பிக் காசு பறிக்க ஒருவனுக்கு அவ்வளவு போதும். லேபிளை உரித்துப் பொடியாகக் கிழியுங்கள். உரிக்க வராவிட்டால் கறுப்பு மார்க்கரால் நன்றாக அடித்துவிடுங்கள்.

7. பணம் போய்விட்டால்

வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டுக்குள் மறைக்காதீர்கள். சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு உடனே போன் போடுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். உங்கள் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் பணம் எடுக்கப்பட்டிருந்து, 3 வேலை நாட்களுக்குள் வங்கிக்குத் தெரிவித்தால் நஷ்டம் உங்கள் மேல் விழாது என்பது 2017-இல் ரிசர்வ் வங்கி வகுத்த விதி. ஓடிபியை நீங்களே சொல்லிவிட்டிருந்தாலும் தாமதிக்காதீர்கள், புகார் சொன்ன பிறகு நடக்கும் இழப்பை வங்கிதான் ஏற்க வேண்டும். பணம் பத்திரமாக இருந்து, கிழிந்த சேலையை மாற்றித் தர மட்டும் கடை மறுத்தால், நுகர்வோர் உதவி எண் 1915. ஆர்டர் எண்ணும் பணம் கட்டிய ஸ்க்ரீன்ஷாட்டும் கையில் இருக்கட்டும்.