பேன் போனது மூன்றாம் சுற்றில்தான்

மகள் தலையில் பேன். மூன்று வாரம் போராடினோம். வேப்பிலை வேகவைத்த தண்ணீரில் தலை அலசினோம், பலனில்லை. தலையணைக்குள் இலை வைத்ததும் வீண். அப்புறம் வேப்பெண்ணெய் தடவிச் சீவியதில் நிறைய உதிர்ந்தன. ஆனால் பத்து நாளில் மறுபடி அரிப்பு.

காரணம், தப்பிய ஈர். அது 7 முதல் 10 நாளில் பொரித்துவிடும். அதனால் புதிதாக ஒருமுறை தடவி, அன்றிலிருந்து எண்ணி 8ஆம் நாளும் 15ஆம் நாளும் மறுபடி தடவி, பிடரியிலும் காதுக்குப் பின்னாலும் பேன் சீப்பால் வாரினேன். இன்னொன்று, மார்கழிக் குளிரில் வேப்பெண்ணெய் பாதி உறைந்திருந்தது. மேலே தெளிந்ததை மட்டும்தான் அதுவரை ஊற்றியிருக்கிறோம்! புட்டியை வெந்நீரில் வைத்து இளக்கி, குலுக்கி, சம அளவு தேங்காயெண்ணெய் கலந்தேன். ஒரு மாதமாகப் பேனே இல்லை, அப்பாடா. சிறு குழந்தைகள் வாயில் மட்டும் வேப்பெண்ணெய் போகக் கூடாது, அது ஆபத்து.