மூளை முடக்குவாத ஆய்வில் குழந்தையைச் சேர்க்கும் முன்: பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் மூளை முடக்குவாதம் (செரிப்ரல் பால்சி: வளரும் மூளையில் ஏற்பட்ட பாதிப்பால் உடல் அசைவுகள் தடைபடும் நிலை) உள்ள குழந்தையை வளர்க்கும் பெற்றோருக்கு இந்தக் கேள்வி ஏதாவது ஒரு வழியில் வந்து சேரும்: "புதுசா ஒரு டிரயல் நடக்குதாம், நம்ம பிள்ளையைச் சேர்க்கலாமா?" எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மா சொல்லலாம். தெரபி சென்டரின் வாட்ஸ்அப் குழுவில் வீடியோவாக வரலாம். சேர்ப்பதும் மறுப்பதும் குடும்பத்தின் முடிவு. ஆனால் அந்த முடிவை எடுக்கும் விதத்தில் சில தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. அவற்றால் பணமும் போகிறது, குழந்தையின் முக்கியமான மாதங்களும் போகின்றன.

சிகிச்சையையும் ஆய்வையும் ஒன்றாக நினைப்பது

உங்கள் பிசியோதெரபிஸ்ட் செய்வதெல்லாம் உங்கள் குழந்தைக்காக. ஆய்வு அப்படியல்ல. பதில் தெரியாத ஒரு கேள்விக்குப் பதில் தேடத்தான் அதை நடத்துகிறார்கள். புதிய முறை எந்தக் குழந்தைக்கு, வழக்கமான முறை எந்தக் குழந்தைக்கு என்பதைப் பெரும்பாலும் குலுக்கல் முறையில் கம்ப்யூட்டர் முடிவு செய்யும். டாக்டருக்குத் தெரிந்தவர் என்பதால் "நம்ம பிள்ளைக்குப் புது ஊசியையே போடுங்க" என்று கேட்க முடியாது. "இதில் சேர்ந்தால் கண்டிப்பாக நடந்துவிடுவான்" என்று யாராவது உறுதி கொடுத்தால் அங்கே நடப்பது ஆய்வு இல்லை. பதில் முன்கூட்டியே தெரிந்திருந்தால் ஆய்வுக்கு என்ன வேலை?

பணமும் நல்ல அடையாளம். ஆய்வுக்காகக் கொடுக்கும் மருந்துக்கோ அதற்காகவே எடுக்கும் ஸ்கேனுக்கோ பெற்றோரிடம் கட்டணம் வாங்கக்கூடாது. "ரிசர்ச் பேக்கேஜ்" என்று லட்சங்களில் தொகை சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

முன்னேற்றத்தைப் பார்த்ததும் நம்பிவிடுவது

மிக அதிகமாக நடக்கும் தவறு இது. கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

2001-இல் லான்செட் மருத்துவ இதழில் கனடாவின் கியூபெக் மாகாணத்து ஆய்வு ஒன்று வெளியானது. மூளை முடக்குவாதம் உள்ள 111 குழந்தைகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு அழுத்தம் கூட்டிய அறையில் முழு ஆக்சிஜன் கொடுத்தார்கள். மற்றதற்கு லேசாக அழுத்தம் கூட்டிய சாதாரணக் காற்று. இரண்டு மாதத்தில் 40 முறை. முடிவில் ஆக்சிஜன் பெற்ற குழந்தைகள் முன்னேறியிருந்தார்கள். சாதாரணக் காற்று பெற்ற குழந்தைகளும் அதே அளவுக்கு முன்னேறியிருந்தார்கள்.

இரண்டாவது பிரிவு இல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஆக்சிஜன் வேலை செய்கிறது என்று ஊரெல்லாம் அறைகள் திறந்திருக்கும். இன்றும் விளம்பரங்களில் முன், பின் என்று இரண்டு வீடியோக்களைக் காட்டுகிறார்களே, அதில் இல்லாதது அந்த ஒப்பீட்டுப் பிரிவுதான்.

எதுவும் புதிதாகச் செய்யாவிட்டாலும் இந்தக் குழந்தைகள் வளர்கிறார்கள். பலரும் இதை மறந்துவிடுகிறார்கள். மூளையில் ஏற்பட்ட பாதிப்பு கூடுவதில்லை. அதே சமயம் குழந்தை வளர்ந்துகொண்டே இருக்கிறது, கற்றுக்கொண்டே இருக்கிறது. கனடாவின் ஒண்டாரியோவில் 657 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, 2002-இல் அவர்களின் இயக்க வளர்ச்சியை ஐந்து வளைகோடுகளாக வரைந்து காட்டினார்கள். அந்த ஐந்தும், குழந்தையின் இயக்கத் திறனை வகைப்படுத்தும் ஜிஎம்எஃப்சிஎஸ் என்ற அளவுகோலின் ஐந்து நிலைகள். தடையின்றி நடக்கும் குழந்தை முதல் நிலை. வாக்கர் போன்ற கைத்துணையோடு நடக்கும் குழந்தை மூன்றாம் நிலை. தலை நிற்பதற்கே ஆதரவு தேவைப்படும் குழந்தை ஐந்தாம் நிலை. முதல் நிலைக் குழந்தைகள் தங்களால் எட்டக்கூடியதில் பெரும்பகுதியை ஐந்து வயதை ஒட்டி எட்டிவிடுகிறார்கள், ஐந்தாம் நிலைக் குழந்தைகள் மூன்று வயதுக்குள்.

இதை நம் வாழ்க்கையோடு பொருத்திப் பாருங்கள். இரண்டு வயதுக் குழந்தைக்கு ஆறு மாதம் எந்த எண்ணெய் தேய்த்தாலும், எந்த இயந்திரத்தில் படுக்க வைத்தாலும் ஏதோ ஒரு மாற்றம் தெரியும். அந்தப் பெயர் எண்ணெய்க்குப் போய்விடும். அதனால் ஆய்வைப் பற்றிக் கேட்க வேண்டிய முதல் கேள்வி "எத்தனை குழந்தைக்குச் சரியாச்சு?" என்பதல்ல. "யாரோடு ஒப்பிட்டீங்க?" என்பதுதான். அடுத்த கேள்வி, "அந்தக் குழந்தைகள் எந்த நிலை?" இரண்டாம் நிலைக் குழந்தைகளிடம் கிடைத்த பலனை வைத்து ஐந்தாம் நிலைக் குழந்தையின் பெற்றோருக்கு ஆசை காட்டுவது நியாயமே இல்லை.

ஸ்டெம் செல், அதாவது வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய செல்களைச் செலுத்தும் விஷயம் தனி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் சேர்ந்து வெளியிட்ட 2017 வழிகாட்டுதலின்படி, ரத்த நோய்களுக்கான சில அங்கீகரிக்கப்பட்ட பயன்பாடுகளைத் தவிர மற்றதெல்லாம் முறையான ஆய்வாக மட்டுமே நடக்க வேண்டும். மூளை முடக்குவாதத்துக்குச் சிகிச்சையாக அதை விற்பதற்கு இடமில்லை. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் 63 குழந்தைகளுக்கு ஸ்டெம் செல்கள் உள்ள அவர்களின் சொந்தத் தொப்புள்கொடி ரத்தத்தைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2017-இல் வெளியானது. அதன் முதன்மைக் கேள்விக்குக் கிடைத்த பதில், ஓராண்டு முடிவில் அந்த ரத்தம் பெற்ற பிரிவுக்கும் பெறாத பிரிவுக்கும் வித்தியாசமில்லை என்பதே. அதிக அளவு செல்கள் பெற்ற குழந்தைகளிடம் கூடுதல் முன்னேற்றம் தெரிந்தது. அது இன்னும் ஆராய வேண்டிய குறிப்பு. விளம்பரங்கள் முதல் பாதியை விட்டுவிட்டு அந்தக் குறிப்பை மட்டும் எடுத்துக்கொள்கின்றன.

வெளிநாட்டு முடிவை அப்படியே இங்கே பொருத்துவது

பிறந்தவுடன் அழாமல், மூச்சுத் திணறலால் மூளை பாதிக்கப்பட்ட குழந்தையின் உடலை 72 மணி நேரம் குளிர்விப்பது பணக்கார நாடுகளில் நிலைபெற்ற சிகிச்சை. அங்கே அது உயிரையும் காக்கிறது, பின்னால் வரும் மூளை முடக்குவாதத்தையும் குறைக்கிறது. இந்தியா, இலங்கை, வங்கதேசத்தில் ஏழு மருத்துவமனைகளில் 408 குழந்தைகளோடு 'ஹீலிக்ஸ்' என்ற ஆய்வு அதையே சோதித்தது. சென்னை மருத்துவக் கல்லூரிக்கும் அதில் பங்கு உண்டு. 2021-இல் முடிவு வந்தது. மரணமோ கடும் பாதிப்போ குறையவில்லை. குளிர்வித்த பிரிவில் 42 சதவீதக் குழந்தைகள் இறந்தன, மற்றதில் 31 சதவீதம். அங்கே காப்பாற்றிய முறை இங்கே ஆபத்தாக முடிந்தது. நம் தாய்மார்களின் உடல்நிலை, பாதிப்பு தொடங்கிய நேரம் என்று ஆய்வாளர்கள் பல விளக்கங்களை முன்வைக்கிறார்கள்.

"எங்க பிள்ளை என்ன சோதனை எலியா?" என்ற கோபத்துக்கும் என் பதில் இந்த ஆய்வுதான். கோபம் புரிகிறது. ஆனால் அந்தப் பெற்றோர்கள் சம்மதிக்காமல் இருந்திருந்தால், இங்குள்ள மருத்துவமனைகள் பலன் இருப்பதாக நம்பியே குளிர்வித்துக்கொண்டிருந்திருக்கும். நம் குழந்தைகளுக்கான பதில் நம் குழந்தைகளிடமிருந்துதான் வர முடியும். எல்லா ஆய்வையும் கண்ணை மூடிக்கொண்டு மறுப்பதும் தவறு என்றே நினைக்கிறேன்.

நடப்பானா என்பதை மட்டும் பார்ப்பது

ஆய்வில் எதை அளக்கிறார்கள் என்று கேளுங்கள். நம் வீடுகளில் குழந்தை எழுந்து நடப்பதுதான் எல்லாமே. ஆனால் வலியில்லாமல் தூங்குவது, புரையேறாமல் விழுங்குவது, தன் விருப்பத்தைச் சொல்ல முடிவது எல்லாம் சின்ன விஷயமா? இடுப்பு மூட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2006-இல் வெளியான ஆய்வில், மூளை முடக்குவாதம் உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு குழந்தைக்கு இடுப்பு மூட்டு விலகியிருந்தது. முதல் நிலையில் யாருக்கும் இல்லை. ஐந்தாம் நிலையில் 90 சதவீதம். எக்ஸ்ரே எடுத்துக் கண்காணித்தால் இதை முன்கூட்டியே பிடிக்கலாம். "நடக்கப் போறதில்லையே, எக்ஸ்ரே எதுக்கு?" என்று விடுவதால் பின்னால் குழந்தை வலியில் துடிக்கிறது.

அதேபோல, ஆய்வில் சேர்ந்த மகிழ்ச்சியில் வழக்கமான தெரபியையோ வலிப்பு மருந்தையோ நீங்களாக நிறுத்தாதீர்கள். ஆய்வு விதிப்படி எதையாவது நிறுத்த வேண்டியிருந்தால், அது படிவத்திலேயே இருக்கும்.

படிக்காமல் கையெழுத்துப் போடுவது

சம்மதப் படிவம் தமிழில் வேண்டும் என்று கேளுங்கள். வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்க நேரம் கேளுங்கள். கையெழுத்திட்ட பிரதி ஒன்று உங்களிடம் இருக்க வேண்டும். எந்த நேரத்திலும் விலகலாம், விலகினாலும் வழக்கமான சிகிச்சை பாதிக்கப்படாது என்று அதில் எழுதியிருக்க வேண்டும். ஆய்வு முறையாக நடக்கிறதா என்று கண்காணிக்கும் நெறிமுறைக் குழுவின் தொடர்பு விவரமும் அதில் இருக்கும். மருந்து ஆய்வு என்றால் 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகளின்படி, ஆய்வால் ஏற்படும் பாதிப்புக்கு இலவச சிகிச்சையும் இழப்பீடும் உண்டு. இன்னொன்று: ஆய்வின் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, சிடிஆர்ஐ இணையதளத்தில் தேடிப் பாருங்கள். மருத்துவ ஆய்வுகளுக்காக 2007-இல் தொடங்கிய இந்தியாவின் பொதுப் பதிவேடு அது. யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். எந்த மருத்துவமனை, எந்த வயது, எத்தனை குழந்தைகள், எதை அளக்கிறார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும்.

குழந்தையிடம் கேட்காமல் விடுவது எனக்கு மிகவும் வலிக்கும் தவறு. ஏழு வயதிலிருந்து குழந்தையின் இசைவையும் பெற வேண்டும் என்கின்றன நம் நாட்டு நெறிமுறைகள். பேச்சு வரவில்லை என்றால் புரியவில்லை என்று அர்த்தமில்லை. மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு அறிவுத்திறன் குறைபாடு கிடையாது. கோட்டூர்புரத்தில் வித்யாசாகர் என்ற அமைப்பு 1985 முதல் இந்தக் குழந்தைகளோடு இயங்கிவருகிறது. பேச முடியாதவர்களுக்கான 'ஆவாஸ்' கருவி சென்னையில் உருவானதுதான். படப் பலகை, கண் அசைவு, தலையசைப்பு, எது கைகொடுக்கிறதோ அதை வைத்துக் கேட்கலாம். "இந்த ஊசி வலிக்கும், போட்டுக்கறியா?" என்ற கேள்விக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டால் அதுவும் பதில்தான்.

பாதியில் சொல்லாமல் நின்றுவிடாதீர்கள்

திருவண்ணாமலையிலிருந்து பஸ் ஏறி, ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வருவது எவ்வளவு சிரமம் என்பது தெரிந்ததே. அதனால் சேரும்போதே பயணச் செலவு தருவார்களா, எத்தனை முறை வர வேண்டும் என்று கேட்டுவிடுங்கள். பலன் தெரியாதவர்கள் மட்டும் மெல்ல நின்றுவிட்டால், மிச்சமிருக்கும் குழந்தைகளை வைத்துக் கணக்கிடும்போது சிகிச்சை பிரமாதமாக வேலை செய்தது போலத் தோன்றும். விலக உங்களுக்கு முழு உரிமை உண்டு. காரணத்தைச் சொல்லிவிட்டு விலகினால் அதுவும் ஆய்வுக்குத் தகவல்தான்.

ஆய்வு முடிந்த பிறகு முடிவு என்ன ஆயிற்று என்று கேட்பவர்கள் குறைவு. கேளுங்கள். உங்கள் குழந்தை எந்தப் பிரிவில் இருந்தது, மொத்தத்தில் என்ன தெரியவந்தது, பலன் இருந்தால் தொடர்ந்து கிடைக்குமா, இந்த மூன்றையும் சேரும் நாளிலேயே கேட்டு, பதிலைப் படிவத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளலாம்.