யாழ்ப்பாணத்தில் மழை பிடித்துக்கொண்டால் நூதனசாலைக்குப் போங்கள்

ஐப்பசி, கார்த்திகையில் யாழ்ப்பாணம் வருகிறவர்கள் ஒரு நாளாவது மழையில் மாட்டுப்படத்தான் போகிறார்கள், அதுவும் வங்கக்கடலில் தாழமுக்கம் என்று றேடியோவில் சொல்லிவிட்டால் ஒரு நாளோடு விடாது. அன்றைக்கு நெடுந்தீவுக்குப் படகு ஓடுமா என்று குறிகட்டுவான் இறங்குதுறைக்கு ஃபோன் அடித்துக்கொண்டிருக்காமல், நாவலர் வீதியில் இருக்கிற தொல்பொருள் நூதனசாலைக்குப் போங்கள்.

ஓட்டோக்காரரிடம் வெறுமனே மியூசியம் என்று சொல்லாமல், "அண்ணை, நாவலர் கலாசார மண்டபத்தடிக்குப் போகவேணும்" என்று சொல்லுங்கள். நூதனசாலை அந்த மண்டபத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது, வீதியில் நின்று பார்த்தால் தெரியாது. இறங்கி நடக்கிற தூரத்துக்குக் குடை வேண்டும். ஃபோனுக்கு ஒரு ஷொப்பிங் பாக் போதும். சப்பாத்து வேண்டாம், செருப்பே நல்லது, ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

வாசலில் துருப்பிடித்த ஒல்லாந்தர் காலத்துப் பீரங்கிகளும் ஒரு திமிங்கிலத்தின் எலும்புகளும் கிடக்கும். மழைக்குள் எல்லோரும் அவற்றைத் தாண்டி உள்ளே ஓடிவிடுகிறார்கள், நீங்கள் கொஞ்சம் நின்று பாருங்கள், அந்தப் பீரங்கிகள் கோட்டையில் இருந்தவை.

உள்ளே பெரிய இடமில்லை. அவசரக்காரர் கால் மணித்தியாலத்தில் வெளியே வந்து "இவ்வளவுதானா" என்பார். என்னைக் கேட்டால் வரிசையாகப் பார்க்கவே தேவையில்லை, முதலில் கந்தரோடைப் பொருட்களிடம் போங்கள். கந்தரோடை சுன்னாகத்துக்குப் பக்கத்து ஊர். அங்கே 1910களின் கடைசியில் போல் பீரிஸ் (Paul Pieris) என்கிற வரலாற்றாசிரியர் தோண்டினார், 1970இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தார் வந்து தோண்டினார்கள், ரோமானிய நாணயங்கள்கூடக் கிடைத்த மண் அது. அங்கிருந்து வந்த, தலையில்லாத புத்தர் சிலையைப் பார்த்ததும் யாழ்ப்பாணத்தில் புத்தரா என்று முகம் சுளிக்கிற நம்மவர்களும் உண்டு. தமிழரிடையே பௌத்தம் இருந்த காலத்தை ஏன் மற்றவர்களுக்கு எழுதிக் கொடுக்கவேண்டும்? ஆறுதலாக நின்று பாருங்கள். மழை விட்ட பிறகு கந்தரோடைக்கே போய், அந்தச் சின்னச்சின்னக் கல் தாதுகோபங்களையும் (பௌத்த தூபிகள்) பார்த்தால்தான் இது முழுமையாகும்.

அப்புறம் விக்டோரியா மகாராணியின் பெரிய படம் ஒன்று இருக்கிறது, அதுவும் சேதப்பட்டுத்தான். இந்த ஊரில் மகாராணியும் தப்பவில்லை!

மழை நாளில் உள்ளே வெளிச்சம் மங்கலாக இருக்கும், ஆகவே காலையிலேயே போய்விடுங்கள். படம் எடுக்கலாமா என்று அங்கே வேலை செய்கிறவர்களிடம் கேட்டுவிட்டு எடுங்கள். நின்று கேட்கிற ஆளைக் கண்டால் அவர்களே நாலு கதை சொல்வார்கள், மழைக்குக் கூட்டமும் இராது.

செருப்பு சொன்னது நல்லூர்க் கோயிலுக்காக. பக்கம்தான், மத்தியானம் நடை சாத்துவதற்குள் போய்விடலாம், ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றவேண்டும், அருச்சனைச் சீட்டு இன்னமும் 1 ரூபாதான். பழைய யாழ்ப்பாண இராச்சியத்தின் பேர்சொல்லி நிற்கிற சங்கிலியன் தோரண வாசலையும் மந்திரி மனையையும் ஓட்டோவுக்குள் இருந்தபடியே பார்த்துக்கொள்ளலாம். கோட்டை மதில்மேல் மட்டும் அன்றைக்கு ஏறாதீர்கள், வழுக்கும், கடற்காற்று குடையையும் பிய்த்துவிடும்.

வந்த ஓட்டோவை அனுப்பும்போது சாரதியின் நம்பரை வாங்கி வையுங்கள். கொட்டுகிற மழையில் நாவலர் வீதியில் நின்று ஓட்டோ மறிப்பது லேசான வேலை இல்லை.